என்டிரிப் காஸ்டரைப் புதுப்பித்த பின் பழைய ரோவர்களில் ஃபிக்ஸ் விழவில்லை

கேள்வி

வணக்கம். நில அளவையாளர்களுக்குச் செயற்கைக்கோள் நிலையறி திருத்தத் தரவை இணையம் வழியாக அனுப்பும் சிறிய என்டிரிப் காஸ்டர் ஒன்றை நாங்கள் நடத்தி வருகிறோம். லினக்ஸ் இயங்கும் மெய்நிகர் சேவையகத்தில், வழக்கமான 2101ஆம் போர்ட்டில் அது இருக்கிறது. கிழக்கு, நடு, மேற்கு என்று, அறிந்த இடத்தில் நிலையாக நிற்கும் மூன்று பேஸ் நிலையங்கள் அதற்குத் தரவு அனுப்புகின்றன; களத்தில் எடுத்துச் செல்லும் வாங்கிகளான ரோவர்கள் அதைப் பெறுகின்றன. மூன்றும் நொடிக்கு ஒரு முறை ஜிபிஎஸ், குளோனாஸ், கலிலியோ, பெய்டூ செயற்கைக்கோள்களுக்கு முறையே 1077, 1087, 1097, 1127 ஆகிய எம்எஸ்எம்7 அளவீட்டுச் செய்திகளையும், சில நொடிகளுக்கு ஒரு முறை பேஸின் ஆயத்தொலைவைச் சொல்லும் 1005, குளோனாஸுக்கான 1230 ஆகியவற்றையும் ஆர்டிசிஎம் 3 என்ற திருத்தத் தரவு வடிவில் தருகின்றன.

காஸ்டர் மென்பொருளின் பழைய பதிப்பு என்டிரிப் முதல் பதிப்பை மட்டுமே அறிந்தது. அது ஓடிக்கொண்டிருந்த இயங்குதளத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுவிட்டதால், இயங்குதளத்தையும் காஸ்டரையும் சேர்த்தே புதுப்பித்தோம். புதிய காஸ்டர் என்டிரிப் 2.0ஐயும் பேசுகிறது. அமைவுக் கோப்பில் பயனர் பெயர், கடவுச்சொல், மவுண்ட்பாயின்ட் (ஒவ்வொரு பேஸின் தரவோட்டத்துக்கும் உள்ள பெயர்) பட்டியல் எல்லாவற்றையும் முன்பிருந்தபடியே எடுத்து வைத்தோம்.

இப்போது நிலைமை இதுதான். கைப்பேசிச் செயலி மூலம் இணையும் புதிய ரோவர்கள் மூன்று பேஸ்களிலும் நன்றாக வேலை செய்கின்றன. என் மடிக்கணினியில் ஆர்டிகேலிப் என்ற நிலையறி மென்பொருள் வழியாக இணைந்து பார்த்தாலும் எல்லாச் செய்திகளும் சரியாக வருகின்றன. ஆனால் அளவையாளர்கள் பலரிடம் உள்ள பழைய ரோவர்களில், கிழக்கு பேஸைத் தேர்ந்தெடுத்தால் ஃபிக்ஸ், அதாவது சென்டிமீட்டர் அளவில் துல்லியமான நிலை, கிடைக்கிறது. நடுவையும் மேற்கையும் தேர்ந்தெடுத்தால் இணைப்பு கிடைக்கிறதே தவிர ஃபிக்ஸ் வருவதில்லை. திருத்தத் தரவின் வயது ஏறிக்கொண்டே போகிறது. எப்போதாவது ஓரிரு நொடிகள் துல்லியம் குறைந்த ஃப்ளோட் நிலை வந்து மறைந்துவிடும். பேஸ் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை மட்டும் அதே ரோவர் திரையில் சரியாகக் காட்டுவதுதான் எனக்குப் பெரும் குழப்பமாக இருக்கிறது.

காஸ்டரின் லாகில் பிழை எதுவும் இல்லை. பயனர் உள்ளே வந்தார், இத்தனை பைட் அனுப்பப்பட்டது என்ற கணக்கு ஏறிக்கொண்டே இருக்கிறது. வயலில் நிற்பவர்களுக்கு வேலை நின்றுபோகிறது. எங்கே பார்க்க வேண்டும் என்று யாராவது சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி: நில அளவையாளர்

வணக்கம் ஐயா. களத்தில் நிற்பவன் என்ற முறையில் முதலில் 1005ஐப் பார்க்கச் சொல்வேன். காஸ்டரையோ பேஸையோ தொட்ட பிறகு பேஸின் ஆயத்தொலைவு மாறிப்போயிருந்தால் ஃபிக்ஸ் வந்தும் பயனில்லை. அளவுகள் அனைத்தும் ஒரே பக்கமாக நகர்ந்துவிடும், அதைக் கண்டுபிடிப்பதற்குள் வரைபடமே முடிந்திருக்கும். பழைய பதிவில் உள்ள 1005ஐயும் இப்போது வருவதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஆண்டெனா உயரத்தையும் சேர்த்து 1006ஆக அனுப்பும் பேஸ் ஏதேனும் உண்டா என்பதையும் சொல்லுங்கள்.

இன்னொன்று. ரோவரின் வானக் காட்சித் திரையில், பேஸிலிருந்து எந்தெந்தச் செயற்கைக்கோள்களுக்குத் திருத்தம் வருகிறது என்று பார்க்க முடியும். அங்கே என்ன தெரிகிறது?

மறுமொழி: கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. 1005ஐ ஒப்பிட்டுப் பார்த்தேன். மூன்று பேஸ்களிலும் ஆயத்தொலைவு எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கிறது. 1006 எங்கும் இல்லை.

வானக் காட்சித் திரை பற்றி நீங்கள் கேட்டது நல்லதாகப் போயிற்று. நடு பேஸில் இணைந்திருக்கும்போது ஜிபிஎஸ் செயற்கைக்கோள் ஒன்றுகூடத் திருத்தத்துடன் தெரிவதில்லை. குளோனாஸ் மட்டும் அவ்வப்போது சில நொடிகள் தோன்றி மறைகிறது. கிழக்கு பேஸில் எல்லாம் தெரிகின்றன, இடையே எப்போதாவது ஒரு நொடி விடுபடுவதைத் தவிர.

மறுமொழி: வலையமைப்புப் பொறியாளர்

குளோனாஸ் மட்டும் விட்டுவிட்டு வருகிறது, 1005 வருகிறது, ஜிபிஎஸ் வருவதே இல்லை என்றால், சிறிய செய்திகள் தப்பிப் பிழைக்கின்றன, பெரிய செய்திகள் வழியில் சிதைகின்றன என்றே எனக்குப் படுகிறது. 1005 முழுச் சட்டகமும் 25 பைட்தான். பத்து செயற்கைக்கோள்களுக்குத் தலா இரண்டு அலைவரிசை வீதம் 1077 செய்தி கட்டினால் அது 275 பைட் வரை வரும். ஏழு குளோனாஸ் செயற்கைக்கோள்களுக்கு 1087 ஏறத்தாழ 200 பைட்.

ஆகவே ஊகத்தை விட்டுவிட்டு, கம்பியில் உண்மையில் என்ன போகிறது என்பதைப் பார்த்துவிடுவோம். சேவையகத்தில், வலையமைப்புப் போக்குவரத்தைப் பதிவு செய்யும் டிசிபிடம்ப் கொண்டு, பழைய ரோவர் ஒன்று நடு பேஸில் இணையும்போது நடக்கும் உரையாடலைப் பிடியுங்கள். எனக்குத் தேவையானவை மூன்று: ரோவர் அனுப்பும் கோரிக்கையின் முதல் வரியும் அதன் தலைப்பு வரிகளும், காஸ்டர் தரும் பதிலின் தலைப்பு வரிகள், அதன் பின் வரும் முதல் ஐந்நூறு பைட் அளவிலான தரவு பதினாறடிமான எண்களாக. இதே பதிவைக் கைப்பேசிச் செயலிக்கும் ஆர்டிகேலிப்புக்கும் எடுங்கள். கடவுச்சொல் உள்ள வரியை அழித்துவிட்டு இடுங்கள். அது அறுபத்துநான்கடிமானக் குறியீடுதான், மறையாக்கம் அல்ல, யாரும் நொடியில் அவிழ்த்துவிடலாம்.

காஸ்டருக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் போன்ற இடைச் சேவையகம் ஏதும் வைத்திருக்கிறீர்களா? பேஸ்கள் காஸ்டருடன் எதன் வழியாக இணைகின்றன?

மறுமொழி: கேட்டவர்

இடைச் சேவையகம் இல்லை. காஸ்டரே நேரடியாக 2101இல் கேட்கிறது. கிழக்கு பேஸ் புதிய வாங்கி, தன் சொந்த ஈதர்நெட் போர்ட் வழியாகவே அனுப்புகிறது. நடுவும் மேற்கும் பழையவை. சீரியல் போர்ட்டிலிருந்து வரும் தரவை ஒரு சிறு மாற்றிப் பெட்டி இணையத்துக்கு எடுத்துச் செல்கிறது. 256 பைட் சேர்ந்தவுடன் அனுப்பு என்று அந்தப் பெட்டியில் அமைக்கப்பட்டிருக்கிறது. முன்பும் அப்படித்தான் இருந்தது.

பதிவுகளை எடுத்துவிட்டேன். பழைய ரோவரின் கோரிக்கை வரி எச்டிடிபி/1.1 என்று முடிகிறது. ஆனால் என்டிரிப்-வெர்ஷன் என்ற தலைப்பு வரி அதில் இல்லை. கைப்பேசிச் செயலியும் எச்டிடிபி/1.1 என்றே கேட்கிறது. அதில் என்டிரிப்-வெர்ஷன்: என்டிரிப்/2.0 என்ற வரி உண்டு. ஆர்டிகேலிப் எச்டிடிபி/1.0 என்று கேட்கிறது, அந்தத் தலைப்பு வரி இல்லை.

பதில்களைப் பார்த்தால், ஆர்டிகேலிப்புக்கு ஐசிஒய் 200 ஓகே என்று பழைய முறையில் வருகிறது. மற்ற இரண்டுக்கும் எச்டிடிபி/1.1 200 ஓகே என்றும், டிரான்ஸ்ஃபர்-என்கோடிங்: சங்க்ட் என்றும் வருகிறது.

பழைய ரோவருக்குப் போகும் தரவில் ஓரிடம் இது: டி3 01 0டி 43 5 என்று ஒரு செய்தி தொடங்குகிறது, அது முடிவதற்கு முன்பே நடுவில் 0டி 0ஏ 31 30 30 0டி 0ஏ என்று ஏழு பைட் குறுக்கே கிடக்கிறது. இந்த ஏழு பைட் சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வருகிறது.

மறுமொழி: வலையமைப்புப் பொறியாளர்

நோய் பிடிபட்டுவிட்டது. அந்த ஏழு பைட்டைச் சற்று விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் மூன்று சாதனங்களும் மூன்று விதமாக நடந்துகொண்டதற்கான காரணம் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது.

ஆர்டிசிஎம் 3 சட்டகம் ஒவ்வொன்றும் டி3 என்ற பைட்டுடன் தொடங்கும். அடுத்த இரண்டு பைட்டுகளில் உள்ளடக்கத்தின் நீளம் இருக்கும்; உங்கள் பதிவில் 01 0டி, அதாவது 269. அதன் பின் வரும் 43 5 என்பது 1077ஆம் செய்தியின் எண். இறுதியில் 24 பிட் சரிபார்ப்புக் குறியீடு. ரோவர் டி3ஐத் தேடிப் பிடித்து, நீளத்தைப் படித்து, அத்தனை பைட்டையும் எண்ணி எடுத்து, சரிபார்ப்புக் குறியீடு பொருந்தினால் மட்டுமே செய்தியை ஏற்கும். பொருந்தாவிட்டால் சத்தமில்லாமல் தூக்கி எறிந்துவிட்டு அடுத்த டி3ஐத் தேடும்.

இணைய வானொலிக்காக எழுதப்பட்ட ஐஸ்காஸ்டை அடியொற்றியே என்டிரிப் பிறந்தது. ஜெர்மனியின் கூட்டாட்சி நிலவரைவியல், புவியளவை நிறுவனம் அதை உருவாக்குவதில் முன்னின்றது. 2004இல் அது ஆர்டிசிஎம் தரநிலையாக வந்தது. முதல் பதிப்பில் ஐசிஒய் 200 ஓகே என்று சொல்லிவிட்டு, தரவை அப்படியே கொட்டுவார்கள். இரண்டாம் பதிப்பு முறையான எச்டிடிபி/1.1ஐப் பின்பற்றுவதால், தரவைத் துண்டு துண்டாக (அதுதான் பதிலில் வந்த சங்க்ட்) அனுப்பி, ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் அதன் நீளத்தைப் பதினாறடிமான எழுத்துகளில் எழுதி அனுப்புகிறது. 31 30 30 என்பது 100 என்ற எழுத்துகள். பதினாறடிமானத்தில் 100 என்றால் 256. உங்கள் மாற்றிப் பெட்டி அனுப்பும் 256 பைட் தான் அது. முன்னும் பின்னும் உள்ள 0டி 0ஏ வரி முடிவுக் குறிகள்.

கைப்பேசிச் செயலி இந்த நீளக் குறிகளைக் களைந்துவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் ரோவருக்குக் கொடுக்கிறது. ஆர்டிகேலிப்புக்கு இந்தக் குறிகள் போகவே இல்லை. பழைய ரோவரோ முதல் பதிப்பை எதிர்பார்த்து, வருவது அனைத்தும் ஆர்டிசிஎம் என்று எடுத்துக்கொள்கிறது. 275 பைட் நீளமுள்ள 1077 எந்த 256 பைட் துண்டுக்குள்ளும் அடங்காது. ஆகவே ஒவ்வொரு முறையும் அதன் வயிற்றில் ஏழு பைட் செருகப்பட்டு, சரிபார்ப்பில் தோற்றுவிடுகிறது. 200 பைட் அளவுள்ள 1087 எப்போதாவது ஒரே துண்டுக்குள் விழுந்து பிழைக்கிறது. 25 பைட் 1005 பெரும்பாலும் தப்பிவிடுவதால் பேஸின் தூரம் மட்டும் சரியாகத் தெரிகிறது. கிழக்கு பேஸ் ஒரு நொடிக்கான செய்திகள் அனைத்தையும் ஒரே வீச்சில் அனுப்புவதால் அவை ஒரே துண்டாகச் செல்கின்றன. செயற்கைக்கோள்கள் மிகுந்து அது ஒரு டிசிபி பொதியைத் தாண்டும் நொடியில்தான் உங்களுக்கு விடுபடுகிறது.

தவறு காஸ்டரின் தீர்மானத்தில் இருக்கிறது. கோரிக்கை வரியில் எச்டிடிபி/1.1 என்று இருப்பதை மட்டும் பார்த்து இரண்டாம் பதிப்பில் பதில் சொல்வது சரியல்ல. என்டிரிப்-வெர்ஷன் தலைப்பில் 2.0 என்று கேட்பவருக்கு மட்டுமே அப்படிச் சொல்ல வேண்டும். கேட்காதவருக்கு முதல் பதிப்புதான். அமைவுக் கோப்பின் ஆவணத்தில் பதிப்பைத் தேர்ந்தெடுக்கும் விதி ஏதேனும் உள்ளதா என்று தேடுங்கள். மாற்றிப் பெட்டியின் 256ஐக் கூட்டிச் சரிசெய்துவிடலாம் என்று தோன்றும். அந்த வழிக்குப் போகாதீர்கள். சிதைவு குறையுமே ஒழிய நீங்காது, திருத்தத் தரவின் தாமதமும் கூடும்.

மறுமொழி: கேட்டவர்

ஆவணத்தில் அப்படி ஓர் அமைவு இருக்கிறது. கோரிக்கை வரியைக் கொண்டு தீர்மானிப்பது இயல்பாக வைக்கப்பட்டிருக்கிறது. தலைப்பு வரியைக் கொண்டு தீர்மானி என்று மாற்றலாம். 2102ஆம் போர்ட்டில் அதே காஸ்டரின் இன்னொரு பிரதியைத் தொடங்கி, மாற்றிய அமைவை முதலில் அங்கே வைத்தேன். எங்களிடம் உள்ளவற்றில் மிகப் பழைய ரோவரை 2102க்குத் திருப்பி, நடு பேஸைத் தேர்ந்தெடுத்ததும் ஜிபிஎஸ், குளோனாஸ், கலிலியோ, பெய்டூ நான்கும் வந்தன, ஃபிக்ஸும் விழுந்தது. அறிந்த புள்ளி ஒன்றில் ரோவரை வைத்துச் சரிபார்த்தோம், அளவு பொருந்துகிறது. மேற்கு பேஸிலும் அப்படியே. கைப்பேசிச் செயலி முன்பு போலவே இரண்டாம் பதிப்பில் இணைகிறது.

இரண்டு ஐயங்கள் மட்டும் மீதம் இருக்கின்றன. 2101இல் இந்த மாற்றத்தைச் செய்யக் காஸ்டரை நிறுத்தித் தொடங்க வேண்டியிருக்கும். அப்போது களத்தில் இருப்பவர்களுக்கு என்ன ஆகும்? முதல் பதிப்பை இப்படியே விட்டுவைப்பது பாதுகாப்பானதுதானா?

மறுமொழி: நில அளவையாளர்

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். திருத்தம் நின்றால் ரோவர் உடனே ஃபிக்ஸை விடாது. சில நொடிகள் தாக்குப்பிடித்துவிட்டுத்தான் ஃப்ளோட்டுக்கு இறங்கும். ஆனால் பல பழைய ரோவர்கள் இணைப்பு அறுந்தால் தாமாக மீண்டும் இணைவதில்லை; ஆள் பொத்தானைத் தொட வேண்டும். எல்லைக் கல் நடும் வேலையில் இருப்பவர் திரையைக் கவனிக்காமல் ஃப்ளோட்டிலேயே புள்ளியைப் பதிந்துவிட்டால் பிழை டெசிமீட்டர் கணக்கில் போகும், பக்கத்து நிலத்துக்காரருடன் வழக்கில் போய் நிற்கும். ஆகவே பகலில் தொடாதீர்கள். பொழுது சாய்ந்த பின் செய்யுங்கள், எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மறுமொழி: வலையமைப்புப் பொறியாளர்

இரண்டாவது கேள்விக்கு: முதல் பதிப்பானாலும் இரண்டாம் பதிப்பானாலும், டிஎல்எஸ் என்ற மறையாக்கம் இல்லாமல் ஓடும்போது கடவுச்சொல் வெளிப்படையாகத்தான் போகிறது. பழைய ரோவர்களுக்கு டிஎல்எஸ் தெரியாது என்பதால் அவற்றைக் கைவிடுவதை விட, ரோவர்களுக்கு வேறு எங்கும் பயன்படாத தனிக் கடவுச்சொற்களைக் கொடுத்து, அவற்றுக்குத் தரவைப் பெறும் உரிமை மட்டும் இருக்கும்படி வைப்பதே சரி. அதிகக் கவனம் வேண்டியது பேஸ்கள் தரவை ஏற்றும் பக்கம். முதல் பதிப்பில் பேஸானது சோர்ஸ் என்ற கட்டளையுடன் கடவுச்சொல்லை மட்டும் அனுப்பும், பயனர் பெயரே கிடையாது. அந்த ஒன்று வெளியே போனால் யார் வேண்டுமானாலும் உங்கள் மவுண்ட்பாயின்ட்டில் தவறான ஆயத்தொலைவுடன் தரவை ஏற்றிவிடலாம். நடுவுக்கும் மேற்குக்கும் வெவ்வேறு கடவுச்சொல் வையுங்கள். முடிந்தால் அந்த இரண்டு பேஸ்களின் முகவரிகளிலிருந்து மட்டுமே தரவு ஏற்றம் வரும்படி ஃபயர்வாலில் ஒரு விதியும் எழுதுங்கள்.

2102இல் உள்ள பிரதியை மூடிவிட வேண்டாம். அடுத்த புதுப்பிப்பு வரும்போது அதை முதலில் அங்கே ஏற்றி, அந்த மிகப் பழைய ரோவரை நடு பேஸில் இணைத்து 1077 முழுதாக வந்து சேர்கிறதா என்று பார்த்த பிறகு 2101க்கு எடுத்துச் செல்லலாம்.

மறுமொழி: கேட்டவர்

2101இல் நேற்று இரவு மாற்றிவிட்டேன். காலையில் களத்துக்குப் போனவர்கள் மூன்று பேஸ்களிலும் பழைய ரோவர்களில் ஃபிக்ஸ் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். கிழக்கு பேஸில் இருந்த அந்த ஒரு நொடி விடுபடுதலும் இப்போது இல்லை. கடவுச்சொற்களைப் பிரித்தாயிற்று. மேற்கு பேஸின் இணைய முகவரி மாறிக்கொண்டே இருப்பதால், ஃபயர்வால் விதி நடு பேஸுக்கு மட்டும் இப்போதைக்கு எழுதியிருக்கிறேன். மேற்குக்கு நிலையான முகவரி கேட்டு விண்ணப்பித்திருக்கிறேன். இருவருக்கும் மனமார்ந்த நன்றி.