ஊர் வீட்டை விற்குமுன் பெயிண்ட் அடிக்க வேண்டுமா?

மாயவரத்து மகள்:
மயிலாடுதுறையில் 1971இல் அப்பா கட்டிய ஓட்டு வீடு. சுண்ணாம்புக் காரைச் சுவர், சிவப்புத் தரை. அப்பா காலமாகி ஒன்றரை வருடமாகிறது. அம்மா என்னோடு சென்னையில் இருக்கிறார். தரகர் இதுவரை ஏழு பேரை அழைத்து வந்தார். எல்லோரும் "சொல்லி அனுப்புகிறோம்" என்று போனவர்கள்தான். கூடத்துச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்திருக்கிறது. பட்டி வைத்து பிளாஸ்டிக் பெயிண்ட் அடிக்க மேஸ்திரி 1,80,000 ரூபாய் கேட்கிறார். அந்தப் பணம் விலையில் திரும்பி வருமா?

இன்னொன்று. கடைசியாக வந்த அம்மாள், மாலை போட்ட அப்பா படத்தைப் பார்த்து, "இங்கேதான் போனாரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பிறகு சமையலறையைக்கூட எட்டிப் பார்க்கவில்லை.

கும்பகோணத்துக்காரன்:
அடிக்காதீர்கள், சகோதரி. நான் அடித்துக் கெட்டவன். காரைச் சுவர் ஈரத்தை வெளியே விட்டாக வேண்டும். பிளாஸ்டிக் பெயிண்ட் அதற்கு வழி விடாது. மூன்றே மாதத்தில் அப்பளம்போலக் கிளம்பிவிட்டது. வீடு பார்க்க வந்தவர் நகத்தால் சுரண்டினார். உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து வந்தது. "வேறு எங்கெல்லாம் மறைத்திருக்கிறீர்கள்?" என்றார். பேச்சு அதோடு முடிந்தது.

பொரிந்ததைச் சுரண்டி, உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு மறுபடி சுவருக்குள்தான் போகும். பங்குனி, சித்திரை வெயிலில் நன்றாகக் காயட்டும். பிறகு சுண்ணாம்பு போதும். கொல்லைக் குழாய்த் தண்ணீர் சுவரோரம் தேங்குகிறதா பாருங்கள், பாதி வியாதி அங்கேதான் இருக்கும். செலவு செய்தே தீர வேண்டுமென்றால் உடைந்த ஓடுகளை மாற்றுங்கள். வருகிறவர்கள் முதலில் அண்ணாந்துதான் பார்க்கிறார்கள்.

சிவப்புத் தரைக்குத் துணியில் துளி தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும். அதிகமானால் வழுக்கும். வாங்க வந்தவரை விழவைத்த பாவம் வேண்டாம்.

ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்:
சுவர் இருக்கட்டும், பட்டா யார் பெயரில் இருக்கிறது? அப்பா பெயரிலேயே இருந்தால் முதலில் வாரிசுச் சான்று வாங்குங்கள். உயில் இல்லையென்றால் அம்மா, பிள்ளைகள், மணமான பெண்கள் உட்பட எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். வங்கிக் கடனில் வாங்குகிறவரிடம் சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாம் காட்டும் 30 வருட வில்லங்கச் சான்று கேட்பார்கள். தாய்ப்பத்திரம் (சொத்து முன்பு கைமாறிய பழைய பத்திரம்), வீட்டு வரி ரசீது எல்லாவற்றின் நகலையும் ஒரே கோப்பில் போட்டு, திண்ணையில் வைத்தே காட்டுங்கள். தயங்குகிறவர்கூட உட்கார்ந்து பேசுவார்.

மணப்பாறை மருமகள்:
மாமனார் வீட்டை விற்றபோது பரணைக் காலி செய்யவே எனக்குப் பதினொரு நாள் ஆனது. மூடிக் கிடந்த வீட்டின் வாடை போக, வருகிறார்கள் என்றால் முதல் நாளே போய்ச் சன்னல்களைத் திறந்து வையுங்கள். அப்பா படத்தைச் சென்னைக்கே எடுத்து வந்துவிடுங்களேன். அம்மா இருக்கும் இடத்தில்தானே அவருக்கும் இடம்?

மாயவரத்து மகள்:
பட்டா அப்பா பெயரில்தான் இருக்கிறது, ஐயா. தம்பி துபாயில், அவனிடம் இன்றே பேசுகிறேன். மேஸ்திரியை வேண்டாமென்று சொல்லிவிட்டேன். படத்தைப் பற்றி அம்மாவிடம் கேட்டேன். "வீடு கைமாறும்வரை அவர் அங்கேயே இருக்கட்டும், பூட்டிய வீட்டுக்குக் காவல் வேண்டாமா?" என்கிறார்.