"மடுத்துப்போச்சு மிஸ்": தவிக்கும் மாணவர்களோடு நம் அனுபவங்கள்

மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரி ஆசிரியை:

பதினோரு வருடமாகக் கணிதம் எடுக்கிறேன். போன வருடம் இரண்டாமாண்டில் ஒரு பையன் தினமும் செகண்ட் ஹவர் பாதியில்தான் வருவான். ஒரு நாள் பொறுமை போய், எல்லார் முன்னாலும் "உனக்குன்னு தனியா பெல் அடிக்கணுமா?" என்று கேட்டுவிட்டேன். வகுப்பே சிரித்தது. அதன்பிறகு நான்கு நாள் அவன் வரவில்லை. அப்படிக் கேட்டதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

ஐந்தாம் நாள் வந்து அசைன்மென்ட் நோட்டை நீட்டினான். நகக்கண்ணில் ரப்பர் பால் காய்ந்து ஒட்டியிருந்தது. நானும் ரப்பர் வெட்டுகிற (பட்டையைக் கீறிப் பால் எடுக்கிற) வீட்டில் பிறந்தவள்தான், பார்த்ததும் புரிந்துவிட்டது. அப்பா விழுந்து இடுப்பொடிந்து கிடக்கிறார். விடியுமுன்னே இவன் போய் 300 மரம் வெட்டி, பால் எடுத்து, ஷீட்டுக்கு உறைய வைத்துவிட்டுத்தான் பஸ் பிடிக்கிறான்.

ஸ்டாஃப் ரூமில் வைத்துப் பேசவில்லை, அங்கே பத்துக் காது உண்டு. லைப்ரரிக்குப் பின்னால் பலா மரத்தடியில் உட்கார்ந்தோம். "சாப்பிட்டியா மக்ளே?" என்றுதான் ஆரம்பித்தேன். ரொம்ப நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் "எல்லாம் மடுத்துப்போச்சு மிஸ்" என்றான்.

சலித்துப்போச்சு என்பதற்கு நம்ம ஊரில் தினமும் காதில் விழுகிற வார்த்தை. வேலை அலுப்பு என்று விட்டிருப்பேன். ஆனால் மூன்று வாரமாக உறக்கமில்லை, பந்து விளையாடப் போவதில்லை, ஆசையாக வாங்கிய ஷூவைக் கூட்டுக்காரனுக்குக் கொடுத்துவிட்டேன் என்று ஒவ்வொன்றாக வந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நேராகவே கேட்டேன்: "செத்துப் போயிரலாம்னு தோணுதா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பலருக்குப் பயம். அப்படி நடக்காது. கேட்டதும் அவன் உடைந்து அழுதான். அந்த அழுகை எத்தனை நாளாகக் காத்திருந்ததோ.

"இதை நான் மட்டும் வைத்துக்கொள்ள முடியாது, வீட்டில் யாரிடம் சொல்லட்டும்?" என்று அவனிடமே கேட்டேன். அம்மா என்றான். அங்கேயே 14416க்கு இருவருமாகப் பேசினோம். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். நம்பரைக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தால் அவன் கூப்பிட்டிருக்க மாட்டான். மறுநாள் அம்மாவோடு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப்போய், மனநலப் பிரிவு ஓபியில் நானும் கூட உட்கார்ந்திருந்தேன். 75 சதவீத வருகைச் சிக்கலை மருத்துவச் சான்றை வைத்துத் துறைத்தலைவர் சரிசெய்து தந்தார்.

கடற்கரை ஊர்க்காரி, இப்போது நானும் ஆசிரியை:

2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். நான் பி.காம் முதலாண்டு. சித்தப்பா போன போட் திரும்பவில்லை. தூத்தூர் பக்கம் எத்தனையோ வீடுகளில் அதே காத்திருப்பு. உடல் கிடைக்காததால் அடக்கமும் இல்லை, அழுது முடிக்கவும் முடியவில்லை. கல்லூரியில் எல்லாரும் இரக்கமாகத்தான் இருந்தார்கள், எழுதாத இன்டர்னலை மறுபடி வைத்தார்கள். ஜனவரியோடு அது ஓய்ந்தது.

எனக்கு மோசமாக இருந்தது அடுத்த வருடம்தான். நவம்பர் பிறந்ததிலிருந்தே கை நடுங்கும். 29ஆம் தேதி ஒரு சார் வராந்தாவில் நிறுத்தி, "நாளைக்குக் கோயில்ல பூசை இருக்கும்லா? நீ வரண்டாம் மக்ளே, நோட்ஸ் நான் எடுத்து வைக்கேன்" என்றார். அவர் தேதியை நினைவில் வைத்திருந்தார். இப்போது என் மாணவர்கள் வீட்டில் இறப்பு நடந்தால் நானும் தேதியை டைரியில் எழுதி வைக்கிறேன்.

நாகர்கோவில் பேராசிரியர்:

என் தவறையும் சொல்லியாக வேண்டும். ஒரு மாணவிக்கு மார்க் சரிந்தது. மென்டார் (வழிகாட்டி ஆசிரியர்) என்ற முறையில் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வீட்டுக்கு போன் போட்டேன். பிரச்சினையே வீட்டுக்குள்தான் இருந்திருக்கிறது. மறுநாளே அவளுடைய அப்பா டிசி கேட்டு வந்து நின்றார், மாப்பிள்ளை பார்த்தாயிற்றாம். துறைத்தலைவர் அம்மா இரண்டு தடவை வீட்டுக்குப் போய்ப் பேசித்தான் அவள் திரும்ப வந்தாள். "வீட்டில் யாரிடம் சொல்லட்டும்?" என்று மேலே மிஸ் கேட்ட அந்தக் கேள்வியை நான் கேட்டிருந்தால் அவளே சொல்லியிருப்பாள். உயிருக்கு ஆபத்து என்றால் ரகசியம் காக்க முடியாது, அது வேறு. மற்றபடி யாரிடம் சொல்வது என்பதை அந்தப் பிள்ளைதான் முடிவு செய்யவேண்டும்.

கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வரும்போது காட்ட மென்டார் நோட்டில் கையெழுத்து வாங்கி வைக்கிறோம். எனக்கு 25 பேர். இப்போது வாரம் மூன்று பேரோடு, நோட்டைத் திறக்காமல், கேன்டீனில் ஒரு டீ குடிக்கிறேன்.

மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரி ஆசிரியை:

அந்தப் பையனைப் பற்றித் தனியாகக் கேட்டவர்களுக்கு: இப்போது மூன்றாமாண்டு. மருந்து தொடர்கிறது, உறக்கம் வருகிறது. மழையில் வெட்டு இல்லாத நாளில் முதல் ஹவருக்கே வந்துவிடுவான். மற்ற நாளில் செகண்ட் ஹவர் பாதியில்தான். கதவோரப் பெஞ்சில் அவனுக்கு இடம் விட்டு வைத்திருப்பார்கள், நானும் பாடத்தை நிறுத்துவதில்லை.