மறுமொழி: கிராஃபைட்டைப் பிளாஸ்மாவால் பிரிப்பதற்கு ‘ஏடுபிரிப்பு’

அனைவருக்கும் வணக்கம்.

அடுக்கடுக்கான ஒரு பொருளை மெல்லிய அடுக்குகளாகப் பிரிப்பதை ஆங்கிலத்தில் ‘எக்ஸ்ஃபோலியேஷன்’ என்பார்கள். பென்சில் முனையில் இருக்கும் கார்பன் வகையான கிராஃபைட்டை அப்படிப் பிரிப்பதற்குத் தமிழில் ‘உரித்தல்’ என்ற சொல்லே போதும் என்று ஐயா எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. உரிப்பது என்றால் தோலை எறிந்துவிட்டு உள்ளிருப்பதை எடுத்துக்கொள்வது. கிராஃபைட்டில் பிரிந்து வரும் ஒவ்வொரு ஏடும்தான் நமக்கு வேண்டும். பாலேடு, ஓலையேடு எல்லாம் மெல்லிய தகடு என்ற பொருளில் வழங்குபவைதானே? அதனால் ‘ஏடுபிரிப்பு’ என்கிறேன்.

கிராஃபைட்டின் கார்பன் ஏடுகள் 0.335 நானோமீட்டர் இடைவெளியில் அடுக்கியிருக்கின்றன. ஏட்டுக்குள் பிணைப்பு வலுவானது, ஏடுகளுக்கு இடையே வலுக்குறைந்த வான் டெர் வால்ஸ் விசைதான். இயற்பியலாளர்கள் கைமும் நோவோசெலோவும் 2004இல் ஒட்டுநாடாவாலேயே ஏடுகளைப் பிரித்தது இதனால்தான். பிளாஸ்மா (எலக்ட்ரான்களும் அயனிகளுமாகப் பிரிந்த வாயு) முறையில் ஒரு வழி, முதலில் கிராஃபைட்டை ஆக்சிஜனேற்றம் செய்துகொள்வது. அப்புறம் பிளாஸ்மாவில் வைத்தால், வேகமான எலக்ட்ரான்களும் அயனிகளும் மோதி, இடையில் ஒட்டியிருக்கும் ஆக்சிஜன் தொகுதிகள் உடைந்து கார்பன் டை ஆக்சைடு, நீராவி போன்ற வாயுக்களாகக் கிளம்பும். அந்த அழுத்தமே ஏடுகளை விலக்குகிறது. உள்ளிருந்து விரியும் ஒன்றை உரித்தல் என்பது எப்படிப் பொருந்தும்?

‘பிளாஸ்மா அரிப்பு’ வேறு. அதில் மேற்பரப்பு அணுக்களே கழன்றுபோகும்.

விளைபொருளையும் வெறுமனே கிராஃபீன் (தனித்த ஒற்றைக் கார்பன் ஏடு) என்று எழுத வேண்டாம். ஓர் ஏடு என்றால் ‘ஓரேட்டுக் கிராஃபீன்’, இரண்டு என்றால் ‘ஈரேட்டுக் கிராஃபீன்’, மூன்று முதல் பத்து வரை என்றால் ‘சில ஏட்டுக் கிராஃபீன்’ என எழுதலாம். குறைகளும் மிச்ச ஆக்சிஜனும் உள்ளதைக் ‘கிராஃபீன் ஒத்த பொருள்’ எனலாம். ‘போலி’ வேண்டவே வேண்டாம். மின்தேக்கிகளின் மின்முனையில் அந்தக் குறைகள் பல நேரம் பயன்தரவும் செய்கின்றன.

---

அன்புள்ள நண்பருக்கு,

உள்ளிருந்து விரிகிறது என்ற விளக்கம் சரி, உரித்தலை விட்டுவிடுகிறேன். ஆனால் ஏடு என்றதும் இன்றைய மாணவருக்கு நாளேடும் குறிப்பேடும்தான் நினைவுக்கு வரும். ‘படலப் பிரிப்பு’ ஆகாதா?

---

ஐயா, பரப்பின் மேல் படியவைக்கும் பூச்சுக்குப் ‘படலம்’ ஏற்கெனவே புழங்குகிறது. பிளாஸ்மாவாலேயே அப்படிப் படியவைப்பதும் உண்டு. ஒரே கட்டுரையில் படலம் படிவதும் படலம் பிரிவதும் வந்தால் மாணவர் திணறுவார். ‘கிராஃபைட் ஏடு’ என்று முதல் முறை சேர்த்து எழுதிவிட்டால் நாளேடு குறுக்கே வராது.

---

சரி, அப்படியே சேர்த்து எழுதுவோம். தோல் செதிலாக உதிர்வதற்கு மட்டும் மருத்துவப் பட்டியலில் ‘உரிதல்’ இருக்கட்டும்.