பொதிகையில் தொடங்கி இரவிகுளம் வரை: கூடாரமும் நடையுமாக மலைக்காடு போனவர்களின் அனுபவங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து:

வருகிற தை மாதம் இரண்டு குடும்பமாகக் கார் எடுத்துக்கொண்டு மலைப்பக்கம் ஒரு சுற்றுப் போகலாம் என்றிருக்கிறோம். முதலில் நம்ம களக்காடு, முண்டந்துறை. பிறகு தென்காசி, ராஜபாளையம், தேனி, கம்பம் வழியாகக் குமுளி ஏறிப் பெரியாறு. அங்கிருந்து போடிமெட்டின் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மூணாறு, இரவிகுளம். முடிந்த இடத்திலெல்லாம் நடக்க வேண்டும், ஒரு இரவாவது கூடாரத்தில் படுக்க வேண்டும். பிள்ளைகள் செல்போனில்தான் யானையைப் பார்த்து வளர்கிறார்கள், அது எனக்குப் பொறுக்கவில்லை.

தை மாதத்தை யோசித்துத்தான் வைத்தேன். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் மணிமுத்தாறு அருவிப் பக்கம் விடவே மாட்டார்கள். மாசி பிறந்தால் புல் காய்ந்து காட்டுத்தீ பயம் வந்துவிடும். பிப்ரவரி, மார்ச்சில் வரையாடு குட்டி போடும் காலம் என்று இரவிகுளத்தை வழக்கமாக மூடிவிடுகிறார்கள். நடுவில் கிடைப்பது இந்தக் கொஞ்ச நாள்தான். காட்டில் உங்களுக்கு எதிர்ப்பட்டவற்றையும், அப்போது என்ன செய்தீர்கள் என்பதையும் எழுதினால் அதை வைத்தே திட்டத்தைத் திருத்திக்கொள்வேன்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

அண்ணாச்சி, கூடாரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நம்ம காட்டுக்குள் நாமாக ஓரிடம் பார்த்துக் கூடாரம் அடிக்க முடியாது. 1962-இல் அறிவித்த முண்டந்துறை சரணாலயத்தையும் 1976-இல் அறிவித்த களக்காடு சரணாலயத்தையும் சேர்த்து 1988-இல் புலிகள் காப்பகம் ஆக்கியதிலிருந்து அது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட காடு. பாபநாசம் சோதனைச்சாவடியில் பிளாஸ்டிக்கும் மதுவும் இருக்கிறதா என்று பையைத் திறந்து பார்ப்பார்கள். சாயங்காலம் சொன்ன நேரத்துக்குள் வெளியே வந்துவிட வேண்டும். தங்க ஆசையென்றால் வனத்துறை ஓய்வு விடுதிக்கு முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் விக்கிரமசிங்கபுரத்திலோ அம்பையிலோ அறை எடுத்து, விடிந்ததும் உள்ளே போவதுதான் சரி.

கூடாரம் என்றதும் எனக்கு ஆடி அமாவாசைதான் நினைவுக்கு வருகிறது. சொரிமுத்தய்யனார் கோயிலுக்குக் குடும்பம் குடும்பமாகப் போய், காரையாற்றங்கரையில் குடில் போட்டு, சமைத்துச் சாப்பிட்டுப் படுத்துக் கிடந்தவர்கள் நாம். எங்கள் ஆச்சி அரிசி, பருப்போடு கோழியையும் கட்டிக்கொண்டு கிளம்புவாள். இப்போது அதற்கும் நாளைக் குறைத்துக் கட்டுப்பாடு வைத்துவிட்டார்கள். வருத்தம்தான். ஆனால் திருவிழா முடிந்து ஆற்றில் கிடந்த துணியையும் குப்பையையும் நேரில் பார்த்தவள் நான், அதனால் கட்டுப்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன்.

யானையைக் கண்டது அந்தச் சாலையில்தான். காரையாறு அணை பார்த்துவிட்டு வெயில் தாழத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஒரு வளைவுக்கு முன்னாலேயே என் வீட்டுக்காரர் வண்டியை மெதுவாக்கினார். ரோட்டில் சாணம் கிடந்தது, ஆவி பறந்தது. ஓரத்து மூங்கில் பச்சையாக ஒடிந்து தொங்கியது. நின்றோம். கொஞ்ச நேரத்தில் குட்டியோடு ஒரு பெண் யானை ரோட்டுக்கு வந்து, காதை விரித்து எங்களையே பார்த்தது. ஹாரன் அடிக்கவில்லை, விளக்கையும் போடவில்லை. வண்டியை மெல்லப் பின்னால் எடுத்து இடைவெளி கொடுத்தோம். பின்னால் வந்த வேனிலிருந்து ஒருவர் போட்டோ எடுக்க இறங்கப் பார்த்தார், என் வீட்டுக்காரர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். குட்டி கடந்த பிறகுதான் தாய் நகர்ந்தது. குட்டியோடு நிற்கும் யானைக்கு எவ்வளவு இடம் கொடுத்தாலும் தகும்.

திருக்குறுங்குடியிலிருந்து:

எல்லோரும் யானை, புலி என்றே பயப்படுகிறார்கள். எங்கள் பக்கம் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் தண்ணீரில்தான் வரும். மலைநம்பி கோயிலுக்கு நடந்து போகிற வழியெல்லாம் நம்பியாறு கூடவே வரும். ஒருமுறை அடிவாரத்தில் நல்ல வெயில், மேலே மகேந்திரகிரி மட்டும் கறுத்திருந்தது. கீழே ஓடையில் பிள்ளைகள் குளித்துக்கொண்டிருந்தார்கள். தெளிவாக ஓடிய தண்ணீர் திடீரென்று கலங்கியது, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. கூட வந்த பெரியவர் ஒருவர், "ஏறு, ஏறு, துணியை விட்டுட்டு ஏறு" என்று கத்தினார். எல்லோரும் பாறை மேல் ஏறி நிற்கவும் தண்ணீர் மட்டம் மளமளவென்று உயர்ந்து, குளித்த இடமே தெரியாமல் போய்விட்டது. அக்கரையில் நின்ற ஆட்கள் வடிகிற வரை அங்கேயே இருக்க வேண்டியதாயிற்று.

களக்காட்டில் தலையணை என்கிற குளிக்கும் இடமானாலும் மணிமுத்தாறு ஆனாலும் இதே கதைதான். மழை நம் தலையில் பெய்ய வேண்டும் என்று அவசியமில்லை, மேலே பெய்தால் போதும். ஓடைக்குள் இறங்கும் முன் மலையைப் பாருங்கள், இறங்கிய பிறகு தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். பெரியாறு, மூணாறு எங்கே போனாலும் இதை மறக்காதீர்கள் அண்ணாச்சி.

கரடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. விடியும் முன்னும் இருட்டிய பின்னும் அடிவாரத் தோட்டங்களுக்கு அது பழம் தேடி வரும். பேசிக்கொண்டே நடந்தால் பெரும்பாலும் விலகிப் போய்விடும். சத்தமில்லாமல் போய் அதன் முன்னால் நின்றால்தான் பாயும்.

செங்கோட்டையிலிருந்து:

காட்டுக்குள் கூடாரத்தில் படுக்க வேண்டுமென்றால் உங்கள் வழியில் பெரியாறுதான் சரியான இடம். அங்கே வனத்துறையே முகாம் நடத்துகிறது, முன்பதிவு செய்தால் கூடாரம், சாப்பாடு, வழிகாட்டி எல்லாம் கிடைக்கும். என்னை அசர வைத்தவர்கள் அந்த வழிகாட்டிகள்தான். ஒரு காலத்தில் கள்ள வேட்டையும் வயணாப்பட்டை (காட்டு இலவங்கப்பட்டை) கடத்தலுமாக இருந்தவர்களை வனத்துறை அழைத்துப் பேசிக் காவலுக்குத் திருப்பியது. வேட்டைக்குக் கற்ற கண்ணால் இப்போது நமக்குக் காட்டைக் காட்டுகிறார்கள்.

நாங்கள் தங்கிய இரவில் சாப்பிட்டு முடித்த நேரம், ஏரிப் பக்கம் மிளா (கடமான்) ஒன்று 'டாங்க்' என்று குரல் கொடுத்தது. சற்றுப் பொறுத்து மறுபடியும். வழிகாட்டி பேச்சை நிறுத்தி, டார்ச்சை அணைக்கச் சொன்னார். "மிளா சும்மா கத்தாது, புலியோ செந்நாயோ வந்திருக்கும்" என்றார். நாங்கள் எதையும் காணவில்லை. காலையில் ஏரிக்கரைச் சேற்றில் அகலமான புலித்தடத்தைக் காட்டினார். புலியை நேரில் பார்த்திருந்தால்கூட அவ்வளவு நேரம் நின்று பார்த்திருக்க மாட்டோம். பிள்ளைகளுக்கு வயது வரம்பு உண்டா என்று பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

போடி வழியாகப் போகும்போது, குறுக்குப் பாதையில் மலையேறிக் காட்டுகிறேன் என்று யாராவது அழைத்தால் போகவே போகாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் இருபது பேருக்கு மேல் செத்துப்போனதும் அந்த மலையில்தான். தமிழ்நாட்டு வனத்துறை 2024-இல் 40 மலையேற்றப் பாதைகளை இணையப் பதிவோடு திறந்திருக்கிறது. அதில் பார்த்துப் பதிவு செய்து, அவர்கள் தரும் வழிகாட்டியோடு நடப்பதுதான் பாதுகாப்பு.

அகத்தியமலை உச்சிக்கு ஆசை இருந்தால் அது தனிப் பயணம். கேரளப் பக்கம் போனக்காட்டிலிருந்துதான் ஏற வேண்டும். 1,868 மீட்டர் உயரம், நடுவில் அதிருமலை முகாமில் தங்கல். சின்னப் பிள்ளைகளோடு நினைக்காதீர்கள்.

நாலுமுக்கில் பிறந்தவன், இப்போது கல்லிடைக்குறிச்சியில்:

சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட மலையில்தான் எங்கள் லைன் வீடு, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு. 2024-இல் எஸ்டேட் நின்று, சனம் பெரும்பாலும் கீழே இறங்கிவிட்டது. மேலே போகிறவர்கள் அங்கே ஊர் இருந்ததையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் அண்ணாச்சி. மாஞ்சோலைக்கு வண்டி விடும் விதிகள் அடிக்கடி மாறுகின்றன, கிளம்பும் முன் மணிமுத்தாறு சோதனைச்சாவடியில் விசாரித்துவிடுங்கள்.

மேலே போக முடிந்தால் காக்காச்சிப் பக்கம் கண்ணை மரத்து உச்சியில் வையுங்கள். வெடிப்பலா காய்த்திருக்கிற மரத்தில் சிங்கவால் குரங்குக் கூட்டம் இருக்கும். கறுத்த உடம்பு, முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி. தின்பண்டம் எதுவும் போட்டுவிடாதீர்கள், ருசி கண்டால் ரோட்டுக்கு இறங்கி வண்டியில் அடிபட்டுச் சாகும்.

பனி ஈரத்திலும் சோலைக்குள் அட்டை இருக்கும். கால்சட்டையைக் காலுறைக்குள் விட்டுக் கட்டி, புகையிலைத் தண்ணீரைக் காலுறையில் தடவிக்கொண்டால் ஏறாது. ஏறிவிட்டாலும் பிடுங்காமல் உப்பு வைத்தால் தானே விழும். அப்புறம், பிள்ளைகளுக்குக் கம்பளியும் தொப்பியும் மறக்காதீர்கள். தையில் மேலே குளிர் நன்றாகவே இருக்கும்.