துப்பறிவாளனுக்குச் சரிசமமான எதிரி: ஒரு சொல் தேவை

கல்லடி, நாடக ஆசிரியை

எல்லோருக்கும் வணக்கம். உயர்தர வகுப்பில் நாடகமும் அரங்கியலும் படிக்கிற பிள்ளைகளுக்காகப் பாத்திர வகைகளைப் பற்றி ஒரு சின்னக் கைநூல் எழுதி முடித்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். ஒரு சொல் மட்டும் அமையவில்லை. ஷெர்லொக் ஹோம்ஸுக்கு மொரியாட்டி யார்?

வில்லன் என்று போட்டால் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். ஆனால் கத்தியோடு வந்து கதவை உதைக்கிறவனும் வில்லன்தான். மொரியாட்டி 21 வயதில் ஈருறுப்புத் தேற்றத்தைப் பற்றி எழுதி, அதைக்கொண்டே கணிதப் பேராசிரியரானவர். தன் கையால் எதையும் செய்வதில்லை, திட்டம் மட்டும்தான் அவருடையது. ஏவலாள் பிடிபட்டால் பிணைக்கும் வழக்குக்கும் எங்கிருந்தோ காசு வரும். அனுப்பியவரின் பெயர் மட்டும் வெளியில் வராது. கதையைச் சொல்கிற வாட்சன்கூட அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. ஹோம்ஸ் சொல்லித்தான் நமக்கு அவரைத் தெரியும். ஹோம்ஸை எழுதி அலுத்துப்போன கொனன் டொயில், கதாநாயகனை முடித்துவைப்பதற்கென்றே 1893 டிசம்பரில் இந்த மனிதரைக் கொண்டுவந்தார். ஹோம்ஸை வீழ்த்த அவனளவு மூளை உள்ள ஒருவன் வேண்டுமே.

எதிர்நாயகன் என்று சிலர் எழுதுகிறார்கள். குறைபாடுள்ள கதாநாயகனுக்கும் அதே சொல் புழங்குவதால் விடைத்தாளில் இரண்டும் குழம்பும். உங்கள் யோசனைகளைச் சொல்லுங்கள்.

கொழும்பு, மொழிபெயர்ப்பாளர்

டீச்சர், சொல் கையிலேயே இருக்கிறது. சூத்திரதாரி. எந்தப் பத்திரிகையைத் திறந்தாலும் 'பிரதான சூத்திரதாரி' உண்டு, பாமரருக்கும் விளங்கும். பழைய நாடக மரபில் கயிற்றைப் பிடித்து ஆட்டத்தை நடத்துகிறவனின் பெயர் அது. மொரியாட்டியை வலையின் நடுவே அசையாமல் இருக்கிற சிலந்தி என்று ஹோம்ஸ் வர்ணிப்பார். அந்த இழைகளும் இந்தக் கயிறும் ஒன்றுதான். அதோடு நம் பாடசாலைக் கணிதத்தில் சூத்திரம் என்று எதைச் சொல்கிறோம்? கணிதப் பேராசிரியருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா? வடமொழி என்பதற்காகத் தள்ளிவிடாதீர்கள். நாடகம் என்பதும் வடசொல்தான்.

கல்லடி, நாடக ஆசிரியை

வடமொழி என்று தள்ளவில்லை, சேர். இந்தச் சொல்லை எங்கள் பிள்ளைகள் எங்கே கேட்டுப் பழகினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். 2019 ஏப்ரல் 21 அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. உயிர்த்த ஞாயிறு, சின்னப் பிள்ளைகளும் போனார்கள். அதற்குப் பிறகு வருடக்கணக்காகச் செய்தியில் 'பிரதான சூத்திரதாரி யார்' என்பதுதான் கேள்வி. இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இப்போது இல்லை. கற்பனைப் பாத்திரம் ஒன்றின் மூளையை வியந்து பேசுகிற பாடத்தில் அதை என்னால் கரும்பலகையில் எழுத முடியாது. உண்மைக் குற்றத்துக்கு அந்தச் சொல் இருக்கட்டும், கதைக்கு வேறு வேண்டும்.

கொழும்பு, மொழிபெயர்ப்பாளர்

விளங்குகிறது. சொல்லை மீளப் பெறுகிறேன்.

ஆரையம்பதி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

புதுச்சொல் தேடி அலைய வேண்டியதில்லை, தங்கச்சி. போருக்குத் தொல்காப்பியர் இலக்கணமே வகுத்துவிட்டார். நாடு பிடிக்க வருவது வஞ்சி, மதிலை வளைப்பது உழிஞை. நாடும் வேண்டாம், மாடும் வேண்டாம், என் வலிமையை நிறுவ வேண்டும் என்று ஒருவன் வந்தால் அது தும்பை. 'மைந்துபொரு ளாக வந்த வேந்தனைச் சென்றுதலை யழிக்கும் சிறப்பிற் றென்ப' என்பது நூற்பா. மைந்து என்றால் வலிமை. மொரியாட்டி ஹோம்ஸின் அறைக்கே நேரில் வந்து, விலகிப் போ, இல்லாவிட்டால் நசுங்கிப் போவாய் என்கிறார். காசுக்காகப் பேசுகிற பேச்சா அது?

அதோடு விடாமல் தும்பையின் துறைகளையும் பாருங்கள். 'இருவர் தலைவர் தபுதிப் பக்கமும்' என்று ஒன்று உண்டு. இரண்டு பக்கத்துத் தலைவர்களும் ஒருங்கே மடிவது. கதைப்படி 1891 மே 4, சுவிற்சர்லாந்தின் ரைக்கன்பாக் அருவி. இருவரும் கட்டிப் புரண்டு பாதாளத்தில் விழுந்தார்கள் என்றுதானே வாட்சன் எழுதி முடிக்கிறார்? ஆகவே *தும்பைப்பகைவன்*.

மறுகா, துப்பு என்ற சொல்லையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். துப்பறிதல் என்கிறோம். துப்பு என்றால் தடயம் என்பது நமக்குப் பழகிய பொருள். வள்ளுவருக்கு அது வலிமை. 'அன்பிலன் ஆன்ற துணையிலன் தான்துவ்வான் என்பரியும் ஏதிலான் துப்பு', 862ஆம் குறள், அதுவும் பகைமாட்சி அதிகாரத்தில். ஏதிலான் துப்பு என்றால் பகைவனின் வலிமை. அப்படிப் பார்த்தால் துப்பறிவாளன் பகைவனின் வலிமையை அறிகிறவனும் ஆகிறான். மழையைப் பாடிய 12ஆம் குறளில் அதே துப்பு உணவாகிறது. பவளத்துக்கும் துப்பு என்று பெயர் உண்டு. இதைப் பற்றி எழுத இன்னும் நிறைய இருக்கிறது.

சாய்ந்தமருது, கணித ஆசிரியர்

சேர், வாசிக்க அருமையாக இருக்கிறது. ஆனால் பிள்ளை தும்பை என்றால் பூவைத்தான் நினைக்கும். தும்பைத்திணையை முதலில் படிப்பித்து, அதற்குப் பிறகு மொரியாட்டிக்கு வருவதற்குள் தவணை முடிந்துவிடும். தனித்தமிழ் எனக்கும் விருப்பம்தான். ஆனால் ஒரு சொல்லுக்கு இரண்டு பக்க உரை தேவைப்பட்டால் அது கலைச்சொல் ஆகாது.

பரம எதிரி என்று எல்லோரும் பேச்சில் சொல்கிறோமே, அது போதாதா?

கல்லடி, நாடக ஆசிரியை

பரம எதிரியில் பகையின் அளவு தெரிகிறது, ஆளின் தரம் தெரியவில்லை. வேலிச் சண்டைக்காரனும் பரம எதிரிதான். மொரியாட்டியின் குற்றங்களை நினைத்து அருவருக்கிற ஹோம்ஸ், அவருடைய திறமையை வியக்காமல் இருப்பதில்லை. பின்வந்த கதைகளில் உயிரோடு திரும்பிவரும் ஹோம்ஸ், மொரியாட்டி செத்த பிறகு லண்டனே சுவையற்ற நகரமாகிவிட்டது என்று வாட்சனிடம் குறைப்படவும் செய்கிறார். இந்த மரியாதையும் சொல்லுக்குள் வர வேண்டும்.

களுவாஞ்சிக்குடி, கூத்துக் கலைஞர்

கூத்துக்காரனாக முதலில் சகுனியை நினைத்தேன். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் தீமிதிப்பு வரைக்கும் 18 நாளும் பாரதம்தான். சூதுக் காயை உருட்டுகிறவனை இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் சகுனி தருமரை ஏமாற்றுகிறான், தருமர் அவனுக்கு ஈடான ஆட்டக்காரர் இல்லை. கண்ணகி வழக்குரையில் வருகிற தட்டானும் அப்படித்தான். சிலம்பில் அந்தப் பொற்கொல்லன் கள்வருக்குத் துணையானவை என்று மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எட்டையும் காவலருக்கு வகுப்பெடுப்பதுபோலச் சொல்வான். களவைச் செய்தவனே களவு நூல் ஓதுகிறான்! மொரியாட்டிக்குக் கிட்ட வருகிற மூளைதான். ஆனால் எதிரில் நிற்பது ஒன்றும் அறியாத கோவலன்.

சமபலம்தான் குறி என்றால் நம்மிடம் கொம்புமுறி இருக்கிறது. ஒரு பக்கம் வடசேரி, மற்றப் பக்கம் தென்சேரி. வளைந்த கொம்பு இரண்டையும் ஒன்றோடொன்று கொளுவி, கயிறு கட்டி, ஒன்று முறியும் வரை ஊரே நின்று இழுக்கும். இந்தச் சேரியின் கொம்பு எவ்வளவு வைரமானது என்று அந்தச் சேரி இழுத்தால்தான் தெரியும். எதிர்ப்பக்கம் இல்லாமல் விளையாட்டே இல்லை. அதனால் *எதிர்சேரியான்* என்று போடுங்கள். பிறத்தி இலக்கியத்துக்கு நம் மண்ணிலிருந்து போகிற சொல்லாக இருக்கட்டும்.

கொழும்பு, மொழிபெயர்ப்பாளர்

மிக அழகான சொல். ஆனால் வன்னியிலோ மலையகத்திலோ படிக்கிற பிள்ளைக்குக் கொம்புமுறி தெரியாது. தமிழ்நாட்டில் சேரி என்றால் மனத்தில் வருவது வேறு, அங்கே அந்தச் சொல்லுக்குள் ஒரு வலி இருக்கிறது.

காரைதீவு, நூலகர்

விபுலானந்த அடிகள் பிறந்த ஊரிலிருந்து எழுதுகிறேன், அதனால் அவரைக் கொண்டே பேசுகிறேன். ஷேக்ஸ்பியரை அவர் செகசிற்பியார் ஆக்கினார். மதங்க சூளாமணியில் அந்த நாடகங்களையே தமிழ்ப் பெயர்களோடு நடமாட விட்டார். அந்தப் பெயரைச் சொல்லும்போது எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது. ஆனால் வகுப்பில் ஷேக்ஸ்பியர்தான் நின்றுவிட்டார். ஆட்பெயரை மாற்றுவது ஒன்று, கருத்துக்குச் சொல் ஆக்குவது வேறொன்று. 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபட்டவரும் இதே அடிகள்தான். ஆகவே மொரியாட்டியை மொரியாட்டியாகவே விட்டுவிட்டு, அந்த வகைக்கு மட்டும் பெயர் வைப்போம்.

என் யோசனை *நிகர்ப்பகைவன்*. நிகர் எல்லோருக்கும் தெரியும், பகைவனும் தெரியும். சேர்த்துச் சொன்னால் உரை தேவையில்லை. டீச்சர் கேட்ட மரியாதை நிகரில் இருக்கிறது.

ஆரையம்பதி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

சொல் பரவாயில்லை. ஆனால் ஒற்று ஏன் மிகுந்தது? நிகர்த்தல் வினையின் பகுதி என்றால் வினைத்தொகை, வல்லினம் மிகாது. ஊறுகாய், சுடுசோறு போல நிகர்பகைவன் என்றுதான் வர வேண்டும்.

காரைதீவு, நூலகர்

ஐயா, இங்கே நிகர் பெயர்ச்சொல். நிகரான பகைவன் என்று விரியும். அதனால் மிகும்.

ஆரையம்பதி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

'நிகரான' என்று விரிப்பதானால் 'ஆன' எங்கே தொக்கது என்று காட்டும். பண்புத்தொகை என்று இலேசாகச் சொல்லிவிட முடியாது, நிகர் பண்புப்பெயரா என்ற கேள்வி வருகிறது.

சாய்ந்தமருது, கணித ஆசிரியர்

இலக்கணத்தை நீங்கள் இருவரும் தீருங்கள். என் கேள்வி வேறு. அந்த எதிரி பெண்ணாக இருந்தால்? நிகர்ப்பகைவள் வாயில் வரவில்லை. வள்ளுவர் உட்பகை என்று அதிகாரமே வைத்தார், ஆண்பால் விகுதி போடவில்லை. *நிகர்ப்பகை* என்று நிறுத்தினால் ஆண், பெண், கூட்டம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். எழுத்தும் குறைவு. வேறு கதையில் துப்பறிவாளனுக்கு எதிரே ஒரு கும்பலே நின்றாலும் இதே சொல் போதும்.

இன்னொன்று. திட்டமிடும் மூளை வேறு, சமபலப் பகை வேறு. ஒரு சொல்லுக்குள் இரண்டையும் திணிக்க வேண்டாம். மூளைக்குச் *சூழ்வோன்* போதும். சூழ்ச்சி முதலில் ஆலோசனைதான், 'சூழ்வாரைச் சூழ்ந்து கொளல்' என்று 445ஆம் குறள் அமைச்சரைத்தான் சொல்கிறது. பிறகுதான் சதியாயிற்று. நல்ல அறிவு கெட்ட வழியில் போன கதை அந்தச் சொல்லுக்கே நடந்திருக்கிறது. மொரியாட்டிக்கு நடந்ததும் அதுதானே.

களுவாஞ்சிக்குடி, கூத்துக் கலைஞர்

எதிர்சேரியான் போகாவிட்டால் நிகர்ப்பகைக்கே என் கை. சூழ்வோனும் நல்லது, சொன்னதும் வலை தெரிகிறது.

கல்லடி, நாடக ஆசிரியை

அச்சகத்திலிருந்து இரண்டு தரம் அழைத்துவிட்டார்கள். இனியும் இழுக்க முடியாது. நிகர்ப்பகை தலைச்சொல்லாகப் போகிறது, சூழ்வோன் தனிப் பதிவு. மொரியாட்டி இரண்டுக்கும் உதாரணம், சகுனி சூழ்வோனுக்கு மட்டும். கொம்புமுறியை நிகர்ப்பகையின் விளக்கத்தில் எழுதிவிட்டேன். எங்கள் பிள்ளைகள் அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்வார்கள். ஒற்றோடுதான் அச்சாகிறது. எல்லோருக்கும் மிக்க நன்றி.

ஆரையம்பதி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

பெரும்பான்மைக்குத் தடை சொல்லவில்லை. ஆனால் நிகர்ப்பகை சமபலத்தை மட்டுமே சொல்கிறது. அந்த இருவரும் வேறெதையும் பொருட்படுத்தாமல், யார் வலியவன் என்ற ஒன்றுக்காகவே அருவி வரை போனார்களே, அது அந்தச் சொல்லில் இல்லை, தும்பையில் இருக்கிறது. இரண்டாம் பதிப்பு வந்தால் அடிக்குறிப்பாகவாவது சேர்க்க வேண்டும். ஒற்று மிகுந்ததைப் பற்றிய என் மறுப்பை நன்னூல் விதிகளோடு நாளை விரிவாக அனுப்புகிறேன்.