கதை உலகம் எந்த வரியில் உடைந்தது?

(ஒரு கற்பனை நாட்டு நாவலைப் படித்தவர்கள், புனைபெயர்களில், அதன் ஆசிரியரிடம் பிழை சுட்டும் உரையாடல்.)

நாழிகைவட்டில்:
14ஆம் அத்தியாயம். தூதன் கோட்டை வாசலைத் தாண்டுகிறான், "மூன்று நாழிகையில்" கணவாயில் நிற்கிறான். குதிரை வாயில் நுரை, இடுப்பில் முத்திரை ஓலை, எல்லாருக்கும் பிடித்த காட்சி. எனக்கு மட்டும் அந்த நாழிகை தொண்டையில் முள்ளாக நிற்கிறது. நாளுக்கு 60 நாழிகை, ஒன்றுக்கு 24 நிமிடம். மூன்று என்றால் 72 நிமிடம். வரைபடத்தில் கோட்டைக்கும் கணவாய்க்கும் இரண்டு காதம். காதத்துக்குப் பத்து மைல் வைத்தால் 32 கி.மீ. ஏற்றத்தில், இருட்டில், ஒரே குதிரையில், மணிக்கு 27 கி.மீ. சராசரியா? நாழிகையை மணி என்று நினைத்து எழுதியிருக்கிறார், வேறொன்றும் இல்லை.

லாடம்:
காதம் பத்து மைல்தான் என்று எந்தக் கல்வெட்டில் இருக்கிறது? அதற்கு ஊருக்கொரு கணக்கு. கற்பனை நாட்டுக்கு ஆசிரியர் வைத்ததுதான் சட்டம். எனக்கு உறுத்தியது வேறு: கணவாயில் இறங்கினவன் அதே குதிரையில் உடனே திரும்புகிறானே, அது.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். குதிரை நடை மணிக்கு 6, 7 கி.மீ. துள்ளுநடை 13 வரை. நாலுகால் பாய்ச்சலில் 40ஐத் தாண்டும், ஆனால் சில கிலோமீட்டர்தான், அப்புறம் மூச்சு வாங்கும். நடையும் துள்ளுநடையும் மாற்றி மாற்றி ஓட்டினால் நல்ல பாதையில் ஒரு நாளைக்கு 50 கி.மீ. போகலாம், அதையும் வாரக்கணக்கில் இழுக்க முடியாது. 500 கிலோ குதிரைக்குத் தினம் 10 கிலோ அளவுக்கு உலர் தீவனம், 25 முதல் 50 லிட்டர் தண்ணீர். பாலைவனத்தில் நாலு நாள் குதிரைப்படை போகிறது என்று எழுதினால், தண்ணீர் சுமக்கும் மிருகங்களைப் பற்றியும் ஒரு வரி வேண்டும். லாடம் ஒன்று கழன்றால் கல்பாதையில் நொண்ட ஆரம்பித்துவிடும். சதிகாரன் எவனும் இல்லாமலே தூதனைத் தாமதப்படுத்த அது போதும். அவசரச் செய்தி என்றால் 15, 20 கி.மீ.க்கு ஒரு குதிரை மாற்றுச் சாவடி வையுங்கள். வைத்தால் அங்கே லாயக்காரன் வருவான், தீவனக் கிடங்கு வரும், அதற்கு வரி வரும். 30ஆம் அத்தியாயத்தில் ராணி வரியைக் கூட்டும்போது அதற்கு ஒரு காரணமும் கிடைத்துவிடும்.

அமாவாசை:
லாடம், அது குதிரை வளர்ப்புக் கையேடு. கணவாயில் கண் வானத்துக்குப் போகவில்லையா? "நள்ளிரவு. உச்சி வானில் மெல்லிய தேய்பிறை." நடக்காது. மெல்லிய பிறை எப்போதும் சூரியன் பக்கத்திலேயே இருக்கும். வளர்பிறைக் கீற்று அந்தி சாய்ந்ததும் மேற்கே தெரியும், கொஞ்ச நேரத்தில் மறையும். தேய்பிறைக் கீற்று விடியலுக்கு முன்னால் கிழக்கே எழும். நள்ளிரவில் உச்சியில் நிற்க முழுநிலவுக்கு மட்டுமே உரிமை. இரண்டு நிலவு உலகம் என்று தப்பிக்கவும் வழியில்லை. அப்படியென்றால் துறைமுக அத்தியாயத்தில் கடல் வற்றுவதும் பெருகுவதும் இவ்வளவு ஒழுங்காக இருக்காது.

ஆசிரியர்:
நாழிகை என் தப்புதான். மணி என்ற சொல் அந்த உலகத்தில் ஒட்டவில்லை என்று புத்தகம் முழுக்க ஒரேயடியாக மாற்றினேன், எண்ணை மாற்றவில்லை. ஒரு மணி இரண்டரை நாழிகை. காவல் முறை நான்கு நாழிகை என்று இருப்பதும் இதே கோளாறுதான். 96 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றும் கோட்டை எங்கும் இல்லை. என் காதம் 15 கி.மீ. மூன்று மணி, அதாவது ஏழரை நாழிகை, ஒரு ஜாமம். "ஒரு ஜாமத்தில்" என்று திருத்தினால் மணிக்கு 10 கி.மீ., நல்ல குதிரைக்குக் கடினம், ஆனால் ஆகும். அதே குதிரையில் திரும்புவதை எடுத்துவிடுகிறேன்.

பிறை விஷயத்தில் சிக்கல் இருக்கிறது. கணவாயில் ஒளிந்திருப்பவன் தூதனின் முத்திரையைப் பார்த்தாக வேண்டும். காட்சியை விடியலுக்குத் தள்ளினாலும் கீற்று வெளிச்சத்தில் முத்திரை தெரியாது. தேய்பிறை அரைநிலவு ஆக்கலாம். அது நள்ளிரவை ஒட்டி எழும், கடைசி ஜாமத்தில் நன்றாக மேலே வந்திருக்கும். தூதன் கிளம்பும் நேரத்தையும் ஒரு ஜாமம் தள்ள வேண்டும்.

மெய்ப்புக்காரி:
நிலவையும் குதிரையையும் விடுங்கள். 31ஆம் அத்தியாயம், கணக்கர் ராணியிடம் "நீ கையெழுத்துப் போடு" என்கிறாரே, அந்த "நீ". முந்நூறு பக்கமாக "தாங்கள்". அவருடைய துரோகம் வெளியாவதற்கு இரண்டு அத்தியாயம் முன்னாலேயே ஒரே எழுத்தில் சொல்லிவிட்டார். ராணி கவனித்தும் "தாங்கள் சொல்வதும் சரி" என்றே பதில் சொல்கிறாள். அவள் யார் என்பதும் அதில் தெரிந்துபோகிறது.

நாழிகைவட்டில்:
அது அச்சுப்பிழை. அதே பக்கத்தில் படைத்தலைவன் ஒரே ஆளை "நீர்" என்கிறான், நாலு வரி தள்ளி "நீங்கள்" என்கிறான்.

மெய்ப்புக்காரி:
அதைத்தான் சொல்ல வருகிறேன். வேண்டுமென்றே செய்த மீறல் எடுபட, மற்ற இடமெல்லாம் பிசகாமல் இருக்க வேண்டும். ஒரு தாளில் கட்டம் போடுங்கள். இடப்பக்கம் பேசுகிறவர், மேலே கேட்கிறவர், கட்டத்துக்குள் நீ, நீர், நீங்கள், தாங்கள். சபையில் ஒன்று, தனிமையில் ஒன்று என்றால் கட்டத்தை இரண்டாகப் பிரியுங்கள். பன்னிரண்டு பாத்திரத்துக்கு 132 கட்டம் வரும், பாதிப் பேர் சந்திப்பதே இல்லை, நிரப்புவது ஒரு மாலை வேலை. வினைமுற்றும் சேர்ந்து மாறுகிறதா என்று பாருங்கள். "நீர்" என்று தொடங்கி "வருகிறீர்கள்" என்று முடிக்கும் இடம் ஏழு இருக்கிறது. உவமைகளுக்கும் இதே சோதனை. முதற்பொருள் (நிலமும் பொழுதும்), கருப்பொருள் (அந்த நிலத்துக்கே உரிய உயிர்களும் பொருள்களும்) என்று நம் இலக்கணம் பிரித்து வைத்திருப்பது சும்மா இல்லை. மலையைத் தாண்டாத ஆட்டிடையன் "கடலளவு துக்கம்" என்கிறான், எந்தக் கடலைப் பார்த்தான்?

உலைக்களம்:
கோட்டைக் கதவை உருக்குகிறாளே அந்தப் பெண், அதற்கு யாரும் வரவில்லையா? "மந்திரம் உடற்சூட்டை எடுத்துக்கொள்ளும்" என்பது உங்கள் விதி. இரும்பு 1538 டிகிரியில் உருகும். ஒரு கிலோவை உருக்கச் சுமார் 300 கிலோ கலோரி. கதவு 200 கிலோ என்றால் 60,000. ஒரு ஆள் ஒரு மாதம் உண்பதை நெருங்கும். அவளோ "சற்றே களைத்தாள்". 45 கிலோ உடம்பு ஒரு டிகிரி குளிர்ந்தால் கிடைப்பது 37 கிலோ கலோரி மாதிரி. 37 டிகிரியிலிருந்து 35க்கு இறங்கினாலே நடுக்கம், நாக்குழறல். அந்த இரண்டு டிகிரிக்கு உருகுவது கால் கிலோ இரும்பு. கதவை விட்டுவிட்டுக் கீல் ஆணி ஒன்றை உருக்கச் சொல்லுங்கள். கை நீலம் பாரிக்கட்டும், பேச்சு குழறட்டும்.

ஆசிரியர்:
கீல் ஆணி நன்றாக இருக்கிறது. கதவுக்கு இரண்டு கீல், எது?

உலைக்களம்:
மேல் கீல். கதவின் பாரம் மேல் கீலை வெளியே இழுக்கிறது, கீழ்க் கீலைச் சுவரோடு அழுத்துகிறது. கீழ் ஆணி போனாலும் கதவு அநேகமாகத் தொங்கிக்கொண்டே இருக்கும். மேல் ஆணி போனால் சாயும்.

ஆசிரியர்:
மேல் கீல் ஒன்பதடி உயரம். அவளுக்கு எட்டாது, யாராவது தோள் கொடுக்க வேண்டும். அந்த அத்தியாயத்தில் அவள் பக்கத்தில் இருப்பது கணக்கர் மட்டும்தான்.

மெய்ப்புக்காரி:
"ஏறு" என்பாரா, "ஏறுங்கள்" என்பாரா?