மாமாவைப் பத்தி விக்கிப்பீடியாவில் கட்டுரை போட்டால் நிற்குமா?

சேரன்மாதேவிக்காரி:
எங்க மாமாவைப் பத்தி தமிழ் விக்கிப்பீடியாவுக்கு ஒரு கட்டுரை எழுதி, என் மணல்தொட்டியில (எழுதிப் பாக்கிற சொந்தப் பக்கம்) வச்சிருக்கேன். பொதுவெளிக்கு நகர்த்துறதுக்கு முன்னாடி, விவரம் தெரிஞ்சவங்ககிட்ட கேட்டுக்கலாம்னு வந்தேன்.

மாமா மின்வாரியத்துல இருந்து ரிட்டயர் ஆனவங்க. படம் வரையிறது சாயங்காலமும் ஞாயித்துக்கிழமையும்தான். இளவட்டமா இருக்கும்போது கோவில்பட்டியில சாமிப் படம் வரைஞ்ச ஓவியர் கொண்டையராஜுகிட்ட கொஞ்ச காலம் பழகியிருக்காங்க. அதுக்கப்புறம் கோயில் கொடைத் திருவிழாவுக்கு அம்மன் படம், நாடகத்துக்கு சீன் துணி, பள்ளிக்கூடச் சுவர், எல்லாம் சும்மாவே வரைஞ்சு குடுத்தாங்க. அவங்க வாட்டர் கலர்தான் எனக்கு உசுரு. தாமிரபரணி ஆத்துக்குள்ள இருக்கிற குறுக்குத்துறை முருகன் கோயில் வெள்ளத்துல முங்கி நிக்கிறதை வரைஞ்சிருக்காங்க, பாத்தா கால்ல ஈரம் படும்.

பாளையங்கோட்டையில கண்காட்சி நடந்திருக்கு. கலை முதுமணி விருது வாங்கியிருக்காங்க. ஆதாரம்னு பாத்தா பேப்பர் துணுக்குகள், ஒரு சிற்றிதழ்ல நாலு பக்கப் பேட்டி, ஒரு கும்பாபிஷேக மலர்ல ஒரு பத்தி. ஃபேஸ்புக்ல ஏகப்பட்டது கிடக்கு. போதுமா?

கல்லிடை:
கொண்டையராஜு சீடர்னு முதல் வரியிலேயே போடுங்க. அது ஒண்ணு போதுமே!

குறுக்குத்துறை:
போதாது அண்ணாச்சி. கொண்டையராஜு 1976இல் காலமானவர். சிவகாசியில் அச்சான சாமிப் படக் காலண்டர்களால் நாடு முழுக்கப் போனவர், அவரைப் பற்றி ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர் பேருக்குக் கட்டுரை நிற்கும். அவரிடம் படித்தவர் எல்லாருக்கும் அது ஒட்டிக்கொள்ளாது.

சேரன்மாதேவி அக்கா, உங்க மாமா நல்ல ஓவியரா என்று அங்கே யாரும் கேட்கப்போவதில்லை. இதுதான் பலருக்கும் வருத்தமாகிற இடம். அவரோடு சம்பந்தமில்லாத ஆள், நம்பத்தகுந்த ஓர் ஏட்டிலோ நூலிலோ அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறாரா என்பதுதான் கேள்வி. குறிப்பிடத்தக்கமை என்று பேச்சுப் பக்கத்தில் (கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பக்கம்) சொல்வது அதைத்தான். ஓவியர்களுக்கென்று பார்க்கும் அளவுகோலும் உண்டு: பெயர்பெற்ற அருங்காட்சியகங்கள் நிரந்தரச் சேகரிப்பில் வைத்திருப்பது, முக்கியமான கண்காட்சியில் பெரும்பங்கு, விமரிசகர்களின் கவனம், இப்படி. பொழுதுபோக்காக வரைந்தார் என்பது தடையே இல்லை. மின்வாரியச் சம்பளம் வாங்கினாரா, ஓவியம் விற்றாரா என்று யாரும் பார்க்க மாட்டார்கள்.

இனி உங்க ஆதாரங்கள். பேப்பர் துணுக்கு கல்யாணப் பத்திரிகை மாதிரி, பேர் இருக்கும், ஆளைப் பற்றி ஒன்றும் இருக்காது. 'கண்காட்சியைத் தலைமையாசிரியர் திறந்து வைத்தார்' என்பதோடு முடிந்தால், கண்காட்சி நடந்தது என்பதற்கு மட்டும் அது சாட்சி. கலை முதுமணி நல்ல விஷயம்தான், ஆனால் அது மாவட்ட அளவில் 66 வயதுக்கு மேற்பட்ட கலைஞர்களுக்குத் தருவது, நாதஸ்வரம், வில்லுப்பாட்டு, கரகம் எல்லாருக்கும் சேர்த்து. கட்டுரைக்குள் ஒரு வரியாக வரலாம், கட்டுரையைத் தாங்காது. ஃபேஸ்புக்கை மறந்துவிடுங்கள்.

கும்பாபிஷேக மலர் யார் போட்டது? மாமா படம் வரைந்து கொடுத்த கோயிலேதான் என்றால் அதையும் ஒதுக்கணும்.

சேரன்மாதேவிக்காரி:
அதே கோயில்தான். சரி, பேட்டி? அது ஃபேஸ்புக் இல்லையே, அச்சுல வந்தது.

குறுக்குத்துறை:
பேட்டியில் மாமா சொன்னது மாமா சொன்னதுதான். பிறந்த ஊர், யாரிடம் கற்றார் போன்றவற்றுக்கு எடுக்கலாம், குறிப்பிடத்தக்கமைக்கு எடுபடாது.

பத்தமடை:
இதுல நான் கொஞ்சம் மாறுபடுதேன். பேட்டிக்கு முன்னாடி ஆசிரியர் ஒரு பக்கம் அவர் ஓவியத்தைப் பத்திச் சொந்தமா எழுதியிருந்தா, அந்தப் பக்கம் கணக்குல வரும். நாலு பக்கமும் கேள்வி-பதில்தானான்னு பாருங்க.

அப்புறம், நெட்டில் இல்லைன்னு பழைய இதழை யாரும் தள்ள முடியாது. அச்சு ஆதாரம் செல்லும்.

கல்லிடை:
என்னவே இது, ஊரே கொண்டாடுற மனுசனுக்குத் துண்டுச் சீட்டுக் கேக்காங்க. சவத்த விடுங்க, சும்மா போட்டுருங்க. யார் பாக்கா?

குறுக்குத்துறை:
பார்ப்பார்கள். உயிரோடு இருப்பவர் பற்றிய கட்டுரை என்றால் இன்னும் உன்னிப்பாகப் பார்ப்பார்கள். நீக்கல் வேண்டுகோள் வைத்து, மாமா பேரை வைத்துக்கொண்டு பத்துப் பேர் 'இவர் முக்கியமானவரா' என்று பொதுவில் வாதாடுவது அவருக்குத்தான் சங்கடம். அந்தப் பேச்சு அங்கேயே கிடக்கும். எழுதுவது மருமகள் என்பதால் நலமுரணும் இருக்கு, அதாவது உறவுக்காரர் நடுநிலையாக எழுதுவாரா என்ற கேள்வி. உறவைப் பயனர் பக்கத்தில் சொல்லிவிட்டு, கட்டுரையை வேறொருவர் சரிபார்க்கட்டும் என்று பேச்சுப் பக்கத்தில் கேட்பதுதான் முறை.

திருப்புடைமருதூர் கோபுரத்தில் அஞ்சு நிலையிலும் சுவரோவியம் இருக்கு. வரைந்தவர்கள் பேர் நமக்குத் தெரியாது, ஆனால் ஓவியங்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஆளுக்குக் கட்டுரை கிடைக்காததால் வேலை இல்லாமல் போகாது.

சேரன்மாதேவிக்காரி:
அப்ப படங்களை மட்டுமாவது விக்கிமீடியா பொதுவகத்துல, விக்கிப்பீடியாவுக்குப் படம் சேத்து வைக்கிற தளத்துல, ஏத்தலாமா? பள்ளிக்கூடச் சுவரை போன்ல எடுத்து வச்சிருக்கேன்.

பத்தமடை:
போட்டோ உங்களது, ஓவியம் மாமாவோடது. நம்ம நாட்டுச் சட்டத்துல பொது இடத்துச் சிலையைப் படம் எடுத்துப் போடலாம், சுவர் ஓவியத்துக்கு அந்தச் சலுகை இல்லை. வரைஞ்சவர் ஆயுசுக்கும், அதுக்கப்புறம் 60 வருஷத்துக்கும் காப்புரிமை உண்டு. படத்தை விலைக்கு வாங்கி வீட்டுல மாட்டியிருக்கவங்களுக்கும் அந்த உரிமை கிடையாது, எழுதிக் குடுத்திருந்தாத்தான் உண்டு.

மாமா இருக்காங்களே, அவங்களே கட்டற்ற உரிமத்துல விடுதேன்னு மின்னஞ்சல் அனுப்பினா வேலை முடிஞ்சது. ஆனா அந்த உரிமத்துல விட்டா நாளைக்கு யாரோ ஒரு கடைக்காரன் அதைக் காலண்டரா அடிச்சு வித்தாலும் தடுக்க முடியாது. அதை அவங்களுக்குப் புரியும்படி சொல்லிட்டுக் கேளுங்க. சம்மதிச்சா முதல்ல அந்தக் குறுக்குத்துறை வெள்ளத்தை ஏத்துங்க, தாமிரபரணி கட்டுரையில வைக்கலாமான்னு பேச்சுப் பக்கத்துல நானே கேக்கேன்.

சேரன்மாதேவிக்காரி:
மாமாகிட்ட கேட்டேன். 'காலண்டரா அடிச்சா நல்லதுதானட்டீ, கொண்டையராஜு படம் அப்படித்தான வீட்டுக்கு வீடு போச்சு'ன்னுட்டாங்க. கட்டுரையை இப்போதைக்கு மணல்தொட்டியிலேயே விட்டுடுதேன். சிற்றிதழ் அத்தை பீரோவுல இருக்கு, முதல் பக்கம் ஆசிரியர் எழுதுனதுதான்னு அவ சொல்லுதா.

குறுக்குத்துறை:
அப்படியென்றால் ஒன்று கையில் இருக்கு. அதேபோல் வேறொருவர் எழுதியது இன்னொன்று கிடைத்தால் திரும்ப வாங்க. பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் பழைய இதழ்களையும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். இதழைப் படம் எடுக்கும்போது அதிலுள்ள கட்டுரையை மட்டும் எடுக்காமல் அட்டை, மாதம், ஆண்டு, பக்க எண் எல்லாம் தெரிகிற மாதிரி எடுத்து வையுங்கள்.